“கைண்ட்லி” போட்டால் மரியாதையா?

கேள்வி: பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. அப்பாவும் சித்தப்பாவும் நெய்கிறார்கள். நான் பி.காம். முடித்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வாட்ஸப்பில் சேலை கேட்பவர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுகிறேன். பிழை வராமல் கவனமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் லண்டனிலிருந்து சேலை வாங்கிய ஒருவர், ‘ஏன் வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதுகிறீர்கள், சாதாரணமாகவே பேசலாமே’ என்று கேட்டுவிட்டார். பெரிய வார்த்தை போடுவதுதானே மரியாதை? சின்ன வார்த்தையாகப் போட்டால் படிக்காதவள் என்று நினைக்க மாட்டார்களா? எந்த இடத்தில் எந்த வார்த்தை என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, காஞ்சிபுரம்

பதில்: ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் பலவும் தொடாமலே விட்டுவிடும் இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கேட்டதோடு நிற்காமல், நீங்கள் அனுப்பிய செய்தியையும் இணைத்திருக்கிறீர்கள். வேலை சுலபமாயிற்று. அது இது:

‘ரெஸ்பெக்டட் மேடம், கைண்ட்லி நோட் தட் தி சாரி பர்ச்சேஸ்டு பை யுவர் குட்செல்ஃப் ஹேஸ் பீன் டிஸ்பேட்ச்டு. கைண்ட்லி அக்னாலட்ஜ் தி ரிசீட் ஆஃப் தி சேம்.’

இதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. முதலில் அந்தக் கவலையை விடுங்கள். லண்டன் அம்மையாரை உறுத்தியது வேறு. மொழியியலில் இதை ரெஜிஸ்டர் என்பார்கள்: யாரிடம், எங்கே, எதற்காகப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும் நடை. உங்கள் ஆங்கிலம் சரியாக இருக்கிறது, நடைதான் வேறு இடத்துக்கு உரியதாக இருக்கிறது.

பெரிய வார்த்தை என்றால் மரியாதை என்ற எண்ணம் தமிழ்நாட்டில் ஆங்கிலம் எழுதுகிற பெரும்பாலோருக்கு உண்டு. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு முன்னால், அது ஏன் பொருந்தாது என்பதைப் பார்த்துவிடலாம். ‘கைண்ட்லி’யையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது ‘தயவுசெய்து’. இன்றைய லண்டன் பேச்சில் அப்படியில்லை. ரயிலில் எதிர் இருக்கையில் கால் நீட்டியிருப்பவரிடம், எரிச்சலை அடக்கிக்கொண்டு, ‘கொஞ்சம் காலை எடுக்கிறீர்களா’ என்று பல்லைக் கடித்துச் சொல்வார்களே, அந்தக் குரல் இந்தச் சொல்லில் ஏறிவிட்டது. மரியாதை என்று நினைத்து ஒரே செய்தியில் இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள். அவர் காதில் அது இரண்டு முறை அதட்டியது போல விழுந்திருக்கலாம். ‘குட்செல்ஃப்’ பழைய வணிகக் கடிதங்களோடு அங்கே ஓய்ந்துவிட்ட சொல். ‘தி சேம்’ பத்திரம் எழுதுகிறவர்களுடையது. ஆக, பெரிய சொல் தானாக மரியாதையைக் கொண்டுவந்துவிடாது. அது உறுதியாகக் கொண்டுவருவது தூரம். சில இடங்களில் தூரமும் மரியாதைதான். சேலையின் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிச் சிரித்த வாடிக்கையாளரிடம் அது மரியாதை ஆகாது.

அப்படியானால் ஆங்கிலத்தில் மரியாதை எங்கேதான் இருக்கிறது? தமிழில் அது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. வா, வாங்க, வாருங்கள். அங்கே ஒரு ‘ங்க’ சேர்ந்தால் போதும், எவ்வளவு எளிய சொல்லும் எவ்வளவு பெரியவரிடமும் செல்லும். ‘சாப்பிட்டீங்களா அத்தை’ என்பதில் ஒரு பெரிய வார்த்தையும் இல்லை. மரியாதை குறையவும் இல்லை. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. ‘கம்’ என்றால் குழந்தைக்கும் கம், குருக்களுக்கும் கம். வால் இல்லாத மொழியில் எழுதும்போது நமக்குக் கை நடுங்குகிறது. விட்டுப்போன ‘ங்க’வை எங்கேயாவது ஒட்டியாக வேண்டும் என்று தேடி, கைண்ட்லியையும் ரெஸ்பெக்டட் மேடத்தையும் ஒட்டுகிறோம். உங்கள் செய்தியின் கனத்துக்கு இதுதான் முதல் காரணம் என்று நான் கருதுகிறேன். அதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். தமிழ் வளர்ப்பு அது.

ஆனால் ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் இருந்தன. ‘தௌ’ என்பது நீ, ‘யூ’ என்பது நீங்கள். 1611-ல் வந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து பைபிளில் கடவுளைத் தௌ என்று அழைப்பதைப் பார்த்து, அதுதான் உயர்ந்த மரியாதைச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. காமாட்சியம்மன் சன்னதியில் நின்று ‘தாயே, நீயே கதி’ என்கிறோமே தவிர ‘நீங்களே கதி’ என்கிறோமா? அதே கணக்குதான் அங்கேயும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் தௌ பொதுப்பேச்சிலிருந்து கழன்றுபோக, எல்லோருக்கும் யூ என்றாகிவிட்டது. அதாவது, எல்லோரையும் நீங்கள் என்றே அழைக்கிற மொழியில் நீங்கள் எழுதுகிறீர்கள். அடிப்படை மரியாதை முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. அதன்மேல் மேலும் மேலும் ஏற்றத் தேவையில்லை.

இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்தார். ஒரு மொழிக்குள் பல ஊற்றுகளிலிருந்து வந்த சொற்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும் என்பதை நம் இலக்கணம் அவ்வளவு முன்பே கவனித்திருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படி அடுக்குகள் உண்டு. 1066-ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து இங்கிலாந்தைப் பிடித்தார். அதன்பின் ஏறக்குறைய 300 ஆண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீன், வயலிலும் அடுப்படியிலும் ஆங்கிலம். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று சட்டம் வந்ததே 1362-ல்தான். இதனால் ஒரே செயலுக்கு இரண்டு சொல் சேர்ந்தன. வாங்குவதற்கு பை என்பது வீட்டுச் சொல், பர்ச்சேஸ் அரண்மனை வழி வந்தது. ஆஸ்க், என்கொயர். பிகின், கமென்ஸ். ஹெல்ப், அசிஸ்ட். இனஃப், சஃபிஷியன்ட். ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது அடுப்படிப் பக்கம், இரண்டாவது அரண்மனைப் பக்கம். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்த வாசனை போகவில்லை. முதலாவதில் நெருக்கம், இரண்டாவதில் அலுவல்.

இங்கேதான் தமிழ்க் காது ஏமாறுகிறது. நம் மொழியில் இன்று திசை நேரெதிர். வீட்டில் கல்யாணம், மேடையில் திருமணம். வீட்டில் சந்தோஷம், மேடையில் மகிழ்ச்சி. வருஷம், ஆண்டு. பஸ், பேருந்து. வெளியிலிருந்து வந்த சொல் திண்ணையில் சகஜமாக உட்கார்ந்திருக்கிறது, சொந்தச் சொல்லோ பட்டு உடுத்தி மேடையில் நிற்கிறது. நூறாண்டுக்கு முன்பு இப்படியில்லை. அன்றைக்கு அழைப்பிதழில் ‘விவாக சுபமுகூர்த்தம்’ என்றால்தான் கௌரவம். 1916-ல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பிறகு வந்த திராவிட இயக்கமும் திசையைத் திருப்பின. உங்கள் ஊரில் 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவுக்கு அதில் பெரும் பங்கு. 1967-ல் அவர் முதலமைச்சரானதும் அரசுக் கடிதங்களில் ஸ்ரீ, ஸ்ரீமதி போய்த் திரு, திருமதி வந்தன. அந்த மாற்றத்துக்குப் பிறகு பிறந்த நமக்கு, சொந்த வேர்ச்சொல் என்றால் கம்பீரம் என்று காது பழகிவிட்டது. ஆங்கிலத்தில் சொந்த வேர்ச்சொல் என்றால் வீட்டு வாசனை. தமிழில் பழகிய காதை வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொல்லின் எடையை அறிய முயன்றால் தராசு தலைகீழாகத்தான் நிற்கும்.

நீங்கள் நெசவு வீட்டுப் பெண் என்பதால் இதை உங்கள் தறியை வைத்தே காட்டலாம். பாவுக்கு ஆங்கிலத்தில் வார்ப், ஊடைக்கு வெஃப்ட், தறிக்கு லூம், நூலுக்கு யார்ன், இழைக்கு த்ரெட், நாடாவுக்கு ஷட்டில், அச்சுக்கு ரீட், நெய்வதற்கு வீவ், சாயத்துக்கு டை. இத்தனையும் நார்மன்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் புழங்கிய சொற்கள். டெக்ஸ்டைல், ஃபேப்ரிக், மேனுஃபேக்சர் எல்லாம் லத்தீன் வேர் கொண்டு பின்னால் வந்தவை. உங்கள் வாட்ஸப் அறிமுகக் குறிப்பில் ‘தி ப்ராடக்ட் இஸ் மேனுஃபேக்சர்டு அட் அவர் ரெசிடென்ஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிப்பவர் கண்ணில் ஓர் எந்திரக் கூடம் தெரியும். ‘மை ஃபாதர் வீவ்ஸ் இட் ஆன் அவர் லூம் அட் ஹோம்’ என்று எழுதிப் பாருங்கள். உங்கள் அப்பா தெரிவார். கோர்வை போட, உடலுக்கு ஒன்றும் இரு பக்கக் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடா ஓட்டி, இரண்டு பேர் உட்கார்ந்து நெய்கிற வேலைக்கு மேனுஃபேக்சர் என்ற சொல் நியாயம் செய்யாது. ‘டூ பீப்பிள் வீவ் திஸ் பார்டர் டுகெதர்’ என்பதில் ஒரு பெரிய வார்த்தையும் இல்லை. அந்தச் சேலைக்கு ஏன் அந்த விலை என்பது மட்டும் அவருக்குப் புரிந்துவிடும்.

வேரைப் பார்ப்பது ஒரு துப்பு மட்டுமே, விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ப்ளீஸ், பே, ஷ்யூர், ட்ரை, நைஸ் எல்லாம் பிரெஞ்சிலிருந்து வந்தவைதான். பல நூறு ஆண்டு புழங்கி அவை வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன. பிஹோல்ட் என்பது சுத்தமான பழைய ஆங்கிலம், ஆனால் யாராவது அதைச் சொல்லிச் சேலையைப் பிரித்துக் காட்டினால் நாடகம் பார்ப்பது போலிருக்கும். சொல்லின் எடையைக் கடைசியில் தீர்மானிப்பது புழக்கம்தான்.

மூன்றாவது காரணம் நம் அலுவலகங்கள். நமக்கு ஆங்கிலம் பாட்டியின் மடியில் வரவில்லை. கும்பினி ஆட்சியின் கச்சேரியிலிருந்தும், பிறகு தாலுகா அலுவலகத்திலிருந்தும், வங்கிக் கடிதத்திலிருந்தும், விடுப்பு விண்ணப்பத்திலிருந்தும் வந்தது. ‘டூ தி நீட்ஃபுல்’ அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அலுவலகங்களிலேயே புழங்கிய தொடர்தான். அங்கே அது வழக்கொழிந்தது, இங்கே தங்கிவிட்டது. பிரிட்டிஷ் அரசே தன் எழுத்தர்களின் கனத்த நடையைப் பார்த்துச் சலித்து, எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரியைக் கேட்டுக்கொண்டு, எளிய சொற்களில் எழுதச் சொல்லும் ‘ப்ளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற சிறு நூலை 1948-ல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர்கள் இந்தியாவை விட்டுக் கிளம்பியிருந்தார்கள். அவர்கள் கோப்பைத் திருத்திக்கொண்டார்கள், விட்டுப்போன கோப்பை நாம் பத்திரமாக வைத்துக்கொண்டோம். பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட கையோடுதான் நீங்கள் வாடிக்கையாளருக்கும் எழுதுகிறீர்கள்.

‘படிக்காதவள் என்று நினைப்பார்களா’ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கேள்வியிலேயே மனதைத் தொட்டது இந்த வரிதான், நேராகவே பதில் சொல்கிறேன். மாட்டார்கள். பை என்ற சொல்லை நீங்கள் சின்ன வகுப்பில் படித்தீர்கள், பர்ச்சேஸை பி.காம். கணக்குப் புத்தகத்தில் படித்தீர்கள். அதனால் முன்னது சிறுபிள்ளைச் சொல், பின்னது படித்தவர் சொல் என்று தோன்றுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பேராசிரியரும் கடையில் பை என்றுதான் சொல்கிறார். அங்கே படிப்பு தெரிவது, இடத்துக்கு இடம் சொல்லை மாற்றத் தெரிவதில்.

அது உங்களுக்குத் தெரியாத கலையும் அல்ல. காஞ்சிபுரத்துக்காரருக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. வரதர் கோயிலில் பெருமாளுக்குத் தளிகை, வீட்டில் சாப்பாடு. ரசம் வைணவ வீடுகளில் சாற்றமுது ஆகிறது. உற்சவர் தெருவுக்கு ‘வருகிறார்’ என்பதில்லை, புறப்பாடு கண்டருளுகிறார். ஒருவர் இறந்த செய்தியை யார் வீட்டில் சொல்கிறோம் என்று பார்த்து, காலமானார், சிவலோகப் பதவி அடைந்தார், பரமபதித்தார் என்று மாற்றுகிறீர்கள். இப்படி மங்கலமல்லாததை மாற்றிச் சொல்வதற்கு நன்னூல் மங்கலம் என்றே பெயர் வைத்திருக்கிறது. அதே விழிப்பு ஆங்கிலத்துக்கும் வேண்டும். நம் ஊரில் ஒருவர் மறைந்ததை ‘எக்ஸ்பயர்டு’ என்பது சகஜம். லண்டன்காரருக்கு அது பால் பாக்கெட்டின் தேதி முடிந்தது போலக் கேட்கும். வாடிக்கையாளர் வீட்டில் துக்கம் என்றால் ‘ஐ ஆம் சோ சாரி அபௌட் யுவர் மதர்’ போதும். அங்கே சின்னச் சொற்கள்தான் நெஞ்சிலிருந்து வருவதாகத் தெரியும்.

இனி உங்கள் செய்தியைத் திருத்தலாம். முதலில் ‘ஹேஸ் பீன் டிஸ்பேட்ச்டு’. தமிழில் யாரிடமாவது ‘சேலை அனுப்பப்பட்டுவிட்டது’ என்று சொல்வீர்களா? ‘அனுப்பிட்டோம்’ என்பீர்கள். இந்தப் ‘படு’ வினை இரு மொழியிலும் அலுவலக வினைதான். யார் அனுப்பினார் என்று சொல்லாமல் விடுவது கோப்புக்கு வசதி, மனிதருக்கு வறட்சி. ‘வீ’வ் சென்ட் யுவர் சாரி’ என்று எழுதுங்கள். வீ ஹேவ் என்பதை வீ’வ் என்றும், இட் இஸ் என்பதை இட்’ஸ் என்றும் சுருக்குவது மரியாதைக் குறைவு ஆகாது. தமிழ்க் கடிதத்தில் ‘போயிடுச்சு’ என்று எழுதத் தயங்குவோம், ஏனென்றால் நமக்குப் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இரண்டு தனி வழக்குகள். ஆங்கிலத்தில் அந்த இடைவெளி அவ்வளவு அகலமில்லை. நட்பான செய்தியில் சுருக்காமல் முழுதாக எழுதினால்தான் விறைப்பாகத் தெரியும்.

அடுத்து, ஃப்ரேஸல் வெர்ப் என்று ஒரு வகை உண்டு: சின்ன வினையோடு அப், ஆஃப், அவுட் போன்ற துணுக்கு சேர்ந்து புதுப்பொருள் தருவது. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு, ஃபைண்ட் அவுட் என்றால் விசாரித்துத் தெரிந்துகொள். பள்ளியில் இவற்றைவிட போஸ்ட்போனும் அஸர்டெயினும்தான் உயர்ந்தவை என்று நினைக்கப் பழகியிருப்போம். ‘மீட்டிங்கைத் தள்ளிப்போட்டுட்டாங்க’ என்பது வீட்டுத் தமிழ், ‘கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது’ என்பது செய்தித்தாள் தமிழ். புட் ஆஃப், போஸ்ட்போன் இரண்டுக்கும் நடுவே அதே வித்தியாசம்தான். ஆங்கிலப் பேச்சின் சகஜம் பெரிதும் இந்தத் துணுக்கு வினைகளில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்றைப் பழகினாலே நடை தளர்ந்துவிடும்.

கேட்கும்போது கேள்வியாகக் கேளுங்கள். ‘கொஞ்சம் அளவு சொல்றீங்களா’ என்று நாம் கேட்பதில், ‘கொஞ்சம்’ அளவைக் குறிக்கவில்லை, கேட்பதை மெதுவாக்குகிறது. ஆங்கிலத்தில் ஜஸ்ட் அந்த வேலையைச் செய்கிறது. குட் யூ, வுட் யூ என்று தொடங்குவது அவர்களின் ‘ங்க’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘குட் யூ ஜஸ்ட் சென்ட் மீ யுவர் அட்ரஸ்?’ என்பதில் போதுமான பணிவு இருக்கிறது.

பெயர் விஷயம் நமக்குக் கஷ்டம்தான். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்க நாக்கு எழாது. ஆனால் அவர் செய்தியின் கடைசியில் தன் முதற்பெயரை மட்டும் போட்டு முடித்திருந்தால், அந்தப் பெயரால் அழைக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ எழுதுகிற தமிழ் அம்மையார் என்றால் ஆன்ட்டி என்பதையே விரும்பலாம். அவர் எப்படித் தொடங்குகிறார் என்று பாருங்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் உங்கள் செய்தி இப்படி ஆகும்: முதலில் ஹாய் போட்டு அவர் பெயர், பிறகு ‘குட் நியூஸ், யுவர் சாரி இஸ் ஆன் இட்ஸ் வே. வீ சென்ட் இட் திஸ் மார்னிங். லெட் மீ நோ வென் இட் கெட்ஸ் தேர். ஐ ஹோப் யூ லவ் இட்.’

எதிர்ப்பக்கம் வழுக்கிவிடவும் வேண்டாம். யூ என்பதற்கு ஒற்றை எழுத்து, கான்னா, வான்னா, அறிமுகமில்லாதவரை டியர் என்பது, இவையெல்லாம் சகஜத்தைத் தாண்டி அசட்டையாகிவிடும். நெருக்கத்தை அவர் ஒரு படி காட்டினால் நீங்கள் ஒரு படி காட்டலாம், முந்திக்கொள்ள வேண்டாம்.

கனத்த நடையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். வங்கிக்கு, சுங்கத்துறைக்கு, கோ-ஆப்டெக்ஸுக்குக் கடிதம் எழுதும்போது பர்ச்சேஸும் டிஸ்பேட்சும் தேவைப்படும். அங்கே வீட்டு நடைதான் இடறும். மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கைண்ட்லி என்று எழுதிச் சேலை கேட்டால், நீங்களும் கைண்ட்லி என்றே பதில் எழுதலாம். இந்தியர்களுக்கிடையே அந்தச் சொல்லில் எரிச்சல் இல்லை, பணிவுதான் இருக்கிறது. அதைத் தவறான ஆங்கிலம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் ஊர் ஆங்கிலத்துக்கு நம் ஊர் வழக்கு உண்டு.

கடைசியாக, நாள் தள்ளிப்போனால் எப்படிச் சொல்வது என்று தனியாக ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். ‘வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்’ வேண்டாம். அது ரயில் நிலைய ஒலிபெருக்கியின் வாசகம், அதில் வருத்தப்படுகிற ஆள் யாரும் இல்லை. நடந்ததைச் சொல்லுங்கள்: ‘ஐ’ம் ரியலி சாரி, இட்’ஸ் கோயிங் டு பி எ வீக் லேட். இட்’ஸ் பீன் ரெய்னிங் ஆல் வீக் அண்ட் தி வார்ப் வோன்ட் ட்ரை.’ மழையில் பாவு காயவில்லை என்றால் லண்டனில் இருப்பவருக்கும் புரியும். மழையைப் பற்றி அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.